தேய்வதற்கென்றே ஒரு தகடு

எலெக்ட்ரிக் கிட்டாரின் முகப்பில், தந்திகளுக்கு அடியில், வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு பிளாஸ்டிக் தகடு திருகி வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பிக்கார்டு என்று பெயர். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்க்க வேண்டுமானால் தேவாலயப் பாடல்குழு, திருவிழா மேடையின் மெல்லிசைக் குழு, கல்லூரி ஆண்டு விழா என்று சில இடங்கள்தான் உண்டு. அங்கே இருக்கும் கிட்டார்களில் பல, கை மாறிக் கை மாறி வந்தவை. அவற்றின் பிக்கார்டைக் கவனித்தால் கருவி பட்ட பாடு தெரியும். மூலையில் விரிசல் விட்டிருக்கும். பதினோரு திருகில் நான்கைக் காணோம். ஓர் ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்க, அதை செல்லோடேப் பிடித்துக்கொண்டிருக்கும். வைத்திருப்பவர் அதை மாற்றாமல் விடுவதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார். அது வெறும் அலங்காரம்தானே என்பது ஒன்று. கழற்றினால் உள்ளே ஏதாவது அறுந்துவிடும், அதற்கெல்லாம் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் சரியில்லை. பிக்கார்டு, மரம் தேயாமல் இருப்பதற்காகத் தான் தேயும்படி வைக்கப்பட்ட உறுப்பு. காலம் வந்தால் அதை மாற்றுவதுதான் முறை. அந்த வேலையைப் பெரம்பலூரிலேயே, வாசிப்பவரே பொறுமையாகச் செய்துகொள்ள முடியும். ஒரே ஒரு நிபந்தனை: திரும்ப முடியாத எதையும் மரத்துக்குச் செய்யக்கூடாது.

அலங்காரம் என்ற வாதத்தை முதலில் பார்க்கலாம். கிட்டாரை விரலால் மீட்டுகிறவர்களும் உண்டு, பிக் எனப்படும் சிறு முக்கோண வில்லையால் தட்டி வாசிப்பவர்களும் உண்டு. விரலால் மட்டுமே வாசிக்கப்படும் கிளாசிக்கல் கிட்டாருக்குப் பிக்கார்டு கிடையாது. ஆனால் அதே வடிவத்திலுள்ள ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிட்டாரில், வாசிப்பவர் தாளத்துக்காக நகத்தால் பலகையைத் தட்டுவார் என்பதற்காகக் கண்ணாடி போன்ற மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருக்கும். கை படுகிற விதத்தைப் பொறுத்துத்தான் தகடு வருகிறது. தகடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டாரைவிட வெளிப்படையான சான்று கிடைக்காது. 1969இல் அவர் வாங்கிய மார்ட்டின் என்-20 ஒரு கிளாசிக்கல் கிட்டார், பிக்கார்டு இல்லாதது. அதை அவர் பிக் கொண்டு வாசித்தார். ஆண்டுக்கணக்கில் பிக் உரசி உரசி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகையைத் தின்று, இன்னொரு ஓட்டையையே போட்டுவிட்டது. ‘டிரிகர்’ என்று அவர் பெயரிட்ட அந்தக் கிட்டார் ஓட்டையோடே புகழ் பெற்றது என்பது வேறு கதை. அவருக்கு அதைப் பராமரிக்கக் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் கையாக வாங்கிய கிட்டாரோடு ஞாயிறு தோறும் பாடல்குழுவில் நிற்கும் ஒருவருக்கு அந்த வசதி கிடையாது.

எலெக்ட்ரிக் கிட்டாரில் இந்தத் தகட்டுக்கு இரண்டாவது வேலை ஒன்றும் வந்து சேர்ந்தது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வாசித்த மின் மாண்டலினை நினைத்துக்கொண்டால் தமிழ் வாசகருக்கு இது எளிதாக விளங்கும். உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டை. எஃகுத் தந்தியின் அதிர்வைப் பிக்கப் என்கிற காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். எலெக்ட்ரிக் கிட்டாரும் அப்படியே. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்கள், ஒலியளவுக் குமிழ், தொனிக் குமிழ்கள் இரண்டு, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் எல்லாமே பிக்கார்டின் மேல்தான் பொருத்தப்பட்டன. கட்டையைக் குடைந்து பள்ளம் செய்து, மின்பாகங்கள் தொங்கும் தகட்டை அதன் மேல் மூடித் திருகினார்கள். தொழிற்சாலையில் வேலை சுருங்குவதற்காக வந்த யோசனை இது. பழுது பார்ப்பவருக்கும் அதுவே வரமாகிவிட்டது: திருகுகளைக் கழற்றிப் புரட்டினால் கிட்டாரின் முழு வயரிங்கும் கண் முன்னால் இருக்கும். இன்று உலகெங்கும், சீனத்திலும் இந்தியாவிலும் கூட, விற்கப்படும் மலிவான எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பங்கு இந்த வடிவத்தின் நகல்கள்தான். ஆகவே இங்கே சொல்லப்போவது அமெரிக்கக் கிட்டார் வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதில்லை.

இந்தத் தகடு எதனால் செய்யப்பட்டது என்ற வரலாறே ஒரு மாற்று வரலாறு. கிட்டார், மாண்டலின் போன்ற பழைய மேலைநாட்டுக் கருவிகளில் ஆமையோட்டை இழைத்து வைத்தார்கள். அழுங்காமையின் ஓடு அது. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிற உயிர். இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் ஓட்டை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆமையோட்டுக்குப் பதிலாக வந்தது செல்லுலாய்டு. கற்பூரம் கலந்து செய்யப்படும் இந்தப் பொருளில் பழுப்புப் புள்ளிகளைப் படரவிட்டால் ஆமையோடு. வெண்மையாகச் சுழலவிட்டால் முத்துச்சிப்பி. முத்துச்சிப்பிப் பளபளப்புள்ள பிக்கார்டுகள் இன்றும் நன்றாக விற்கின்றன. மண்ணைக் கிளறினால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடற்சிப்பிகளின் கல்லுருவமே கையில் வருகிற அரியலூரில், பிளாஸ்டிக் சிப்பிக்குக் காசு கொடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். செல்லுலாய்டுக்கு இரண்டு குறைகள். பழைய சினிமாப் படச்சுருள்களின் உறவுக்காரன் அது, சட்டென்று தீப்பிடிக்கும். காலப்போக்கில் சுருங்கும், நிறம் மாறும், விரிசல் விடும்; சிதையத் தொடங்கினால் வெளிவிடும் அமில ஆவி பக்கத்திலுள்ள உலோகப் பாகங்களையும் அரிக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1954இல் எட்டுத் திருகுள்ள ஒற்றை அடுக்குத் தகட்டில் தொடங்கி, 1959இல் பதினோரு திருகுள்ள மூன்றடுக்குச் செல்லுலாய்டுக்குப் போய், 1960களின் நடுவில் அதையும் விட்டு வேறு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1960 வாக்கிலான கிட்டார்களில் வெள்ளையாக இருந்த தகடு இன்று இளம்பச்சை ஓடிக் கிடக்கிறது. அந்தப் பச்சையையே அழகு என்று புதிதாக அச்செடுத்து விற்கிறார்கள். செய்தவர்களே இத்தனை தடவை மாற்றிய ஒன்றை, வாங்கியவர் மாற்றக்கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம் இசைக்கருவி மரபும் இதையேதான் சொல்கிறது. மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுத் தேய்ந்தால் புதிது போடுகிறார்கள், சாதம் என்கிற கறுப்புப் பூச்சு உதிர்ந்தால் மறுபடி இடுகிறார்கள். பலாமரக் கட்டை தலைமுறை தாண்டி அதுவே இருக்கிறது. நாகசுரத்துக்குச் சீவாளி மாறிக்கொண்டே இருக்கும். வீணையில் மெட்டுகள் நிற்பது மெழுகின் மேல். மெழுகு இளகி ஸ்வரஸ்தானம் பிசகினால் மேளம் கட்டுகிறவர் வந்து மெட்டுகளை எடுத்து மறுபடி பதிப்பார். வீணையில் தந்தம் இழைத்த இடங்களில் இன்று பிளாஸ்டிக் வந்துவிட்டது. அதனால் வீணை வீணையாக இல்லாமல் போய்விடவில்லை. எது நிலைக்க வேண்டும், எது கழிய வேண்டும் என்ற பிரிவினை எல்லாக் கருவியிலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்திலேயே இதற்கு வேறொரு வகையான சாட்சி இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்திலுள்ள அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மா, வேம்பு, வாகை போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒரே கட்டையிலிருந்து குடைந்தெடுக்கும் வேலை அது. ஒரே கட்டையில் செய்ததில் மூக்கு உடைந்தால் மாற்று மூக்கு கிடையாது. கோயில்களில் மர வாகனங்களுக்கு மேலே பித்தளையோ வெள்ளியோ தகடு போர்த்தும் வழக்கத்தில் அழகோடு இந்த எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது: தகடு நசுங்கினால் தட்டிச் சரிசெய்யலாம், வேறு போடலாம், மரம் அடிபட்டால் போனது போனதுதான். கிட்டாரின் கட்டைக்கும் இதே சட்டம்தான்.

இனி வேலைக்கு வருவோம். பயமுள்ளவருக்கு முதலில் ஒரு தைரியம்: பிக்கப்கள் மட்டும் உள்ள சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் பேட்டரி கிடையாது. ஒலிபெருக்கியிலிருந்து கேபிளை உருவிவிட்டால் உள்ளே ஷாக் அடிக்க எதுவும் இல்லை. இரண்டாவது தைரியம்: ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு ஒன்றைக்கூட எடுக்காமலே ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கார்டை மாற்ற முடியும். பிக்கப்கள் திருகிலும், குமிழ்த் தண்டுகள் நட்டிலும், சுவிட்ச் இரண்டு திருகிலும்தான் தகட்டில் நிற்கின்றன. அவற்றை ஒன்றொன்றாக விடுவித்து, வயர்கள் அப்படியே இருக்கப் புதுத் தகட்டுக்குக் குடிமாற்றலாம். தந்திகளைக் கழற்றித் தகட்டைப் புரட்டியதும் கைபேசியில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வயரின் நிறம் எந்தப் பிக்கப்புக்குப் போகிறது என்பது பிறகு நினைவில் நிற்காது. தந்திகள் இருக்கும்போதே பிக்கப்களின் உயரத்தையும் அளந்து எழுதி வைப்பது நல்லது; ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். குமிழ்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தகடும் உடையும், கட்டையின் பெயின்ட்டும் போகும். குமிழின் அடியில் ஒரு துணியைச் சுற்றி நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். சில கிட்டார்களில் கழுத்தின் கடைசி ஃப்ரெட் (மெட்டு) பிக்கார்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் கழுத்தின் திருகுகளைத் தளர்த்தாமல் தகட்டை இழுக்கக்கூடாது. திருகுகள் எல்லாம் வந்த பிறகும் தகடு முழுதாக வெளியே வராது. கேபிள் செருகும் துளைக்குப் போகும் வயர்களும், பின்புறத்து ஸ்பிரிங்குக்குப் போகும் எர்த் வயரும் பிடித்திருக்கும். புத்தகத்தைத் திறப்பதுபோல் மெதுவாகப் புரட்டி, அடியில் துணி விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிக்கப்பின் காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புக்கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அதில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டால் அந்தப் பிக்கப்பின் கதை முடிந்தது. இந்த வேலையில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

தகடு திறந்திருக்கும் அந்த நேரத்தை வீணாக்கக்கூடாது. லாரிகள் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகும் அரியலூர்ச் சாலைகளையொட்டி எங்கே கருவி வைத்திருந்தாலும் தூசி உள்ளே போகத்தான் செய்யும். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரவென்று வருவது பெரும்பாலும் அந்தத் தூசியின் சத்தம்; காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்துக் குமிழைப் பலமுறை திருப்பினால் அடங்கிவிடும். பழைய தகட்டின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால், அது குப்பை என்று எறிந்துவிடக்கூடாது. மின்கம்பிகளிலிருந்தும் டியூப் லைட்டிலிருந்தும் வருகிற இரைச்சலைத் தடுத்து எர்த்துக்கு அனுப்புவது அதன் வேலை. புதுத் தகட்டிலும் அதே இடத்தில் தாள் ஒட்ட வேண்டும். குமிழின் உலோக உடல் அந்தத் தாளைத் தொட வேண்டும், ஆனால் சிக்னல் போகும் முனைகள் எதுவும் தொடக்கூடாது. தொட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். பலர் ‘ஏதோ அறுந்துவிட்டது’ என்று பதறுவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான்.

புதுத் தகட்டைப் பொருத்துவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். அமெரிக்க அளவிலான தகடும், ஆசியத் தயாரிப்பு நகல்களின் தகடும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் திருகுத் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழும். குமிழ்த் தண்டுக்கான துளையும் அமெரிக்க வகையில் பெரிது, மற்றதில் சிறிது. எனவே வாங்குவதற்கு முன் பழைய தகட்டைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரி. கடைக்காரர் ‘எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தான் சார்’ என்றால் நம்ப வேண்டியதில்லை. துளை ஒத்துவராதபோது திருகைச் சாய்த்து முறுக்கி உள்ளே தள்ளுவதுதான் பலர் செய்கிற பெரிய தப்பு, மரம் பிளக்கும். அதற்குப் பதில், பழைய துளையில் மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகால் தடவி இறுக்கி, காய்ந்த பிறகு மேற்பரப்போடு நறுக்கிவிட்டு, சரியான இடத்தில் மெல்லிய துரப்பணத்தால் புதுத் துளை போட வேண்டும். துளை ஒத்துவந்தாலும் திருகை நேரே முறுக்கக்கூடாது: முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் ஒரு ‘டக்’ என்ற உணர்வோடு பழைய மரைக்குள் திருகு இறங்கும், அதன் பிறகு வலப்பக்கம். இப்படிச் செய்தால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் மரம் நைந்துபோகாது. திருகு முனையில் கொஞ்சம் சோப்பு தடவிக்கொண்டால் இன்னும் சுலபம்.

கடையில் கிடைக்கிற தகடு எதுவும் பொருந்தவில்லை என்றால் செய்துகொள்ளலாம். ஊருக்கு ஊர் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்து வெட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் இரட்டை வண்ணப் பிளாஸ்டிக் தகடும், பிக்கார்டுக்கான அடுக்குத் தகடும் கிட்டத்தட்ட ஒரே இனம்தான்: மேலே ஒரு நிறம், ஓரத்தைச் சாய்த்துச் செதுக்கினால் அடியில் மற்ற நிறம் தெரியும். இரண்டரை மி.மீ. தடிமன் போதும். அக்ரிலிக்கை லேசரில் வெட்டலாம். ஆனால் பிவிசி தகட்டை லேசரில் வெட்டக் கொடுக்கவே கூடாது. சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். வெட்டுகிறவரின் நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். பிவிசியை வாளாலோ ரவுட்டராலோதான் அறுக்க வேண்டும். அக்ரிலிக்கில் வேறொரு குறை: திருகை இறுக்கினால் துளையைச் சுற்றிக் கீறல் விடும். திருகு இறுக்கும் விஷயத்தில் இந்த வட்டாரத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே அளவு சூட்டுக்கு, மரம் அதன் நார் போகும் திசையில் விரிவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாகப் பிளாஸ்டிக் விரியும். முப்பது செ.மீ. நீளமுள்ள தகடு, விடிகாலைக்கும் சித்திரை மாதத்து மத்தியானத்தில் வேனில் கிடக்கும் நேரத்துக்கும் இடையே சுமார் அரை மில்லிமீட்டர் நீளும். அந்த அரை மில்லிமீட்டருக்கு இடம் விட்டாக வேண்டும். தகட்டின் துளை, திருகின் தண்டைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். திருகு, தகட்டை உட்கார வைக்கிற அளவுக்கு மட்டும் இறங்க வேண்டும். நம் ஊரில் விரிசல் விட்ட பிக்கார்டுகளை எடுத்துப் பார்த்தால் விரிசல் பெரும்பாலும் திருகுத் துளையிலிருந்தே தொடங்கியிருக்கும்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுபவற்றில் கனமானது, ‘ஒரிஜினல்’ போய்விடுமே என்பது. பழைய கிட்டார்ச் சந்தையில் இதற்கு உண்மையான மதிப்பு உண்டு. 1959ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அசல் தகடு இருக்கிறதா என்பது விலையை வெகுவாக ஏற்றி இறக்கும். அப்படிப்பட்ட கிட்டார் யார் கையிலாவது இருந்தால் அவர் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு வல்லுநரிடம் போகலாம். மற்றவர்களுக்கு விடை எளிது: கழற்றிய தகட்டையும் திருகுகளையும் ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதிப் பத்திரப்படுத்தினால் போதும். மரத்தில் புதுத் துளை இல்லை, ஒட்டு இல்லை, செதுக்கல் இல்லை என்றால் எந்த நாளிலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். மூங்கில் குச்சி இட்ட இடம் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் வரைபடத்தோடு ஒப்பிட்டு வாங்கச் சொல்வது. இன்னொரு எதிர்ப்பு, தகட்டை மாற்றினால் நாதம் மாறும் என்பது. வீணையின் குடத்தைப் போல இதில் காற்றறை இல்லை. தந்தியின் அசைவைக் காந்தம் வாங்குகிறது. தகடு பிளாஸ்டிக்கா வேறொன்றா என்பது காதுக்கு எட்டும் வித்தியாசத்தைத் தருவது அரிது. ஆனால் மாற்றிய பிறகு ஒலி மாறிவிட்டது என்பவர்கள் பொய் சொல்வதாகவும் நினைக்க வேண்டியதில்லை. தகட்டோடு பிக்கப்பின் உயரமும் மாறிப்போகிறது. ஒரு மில்லிமீட்டர் மேலே வந்தாலும் ஒலி தடிக்கும், இன்னும் நெருங்கினால் காந்தம் தந்தியையே இழுத்து ஸ்வரம் ஆடும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளந்தால், பழைய பாணிப் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. முன்பே குறித்து வைத்த உயரத்துக்குத் திருகைத் திருப்பினால் பழைய நாதம் வந்துவிடும்.

பழுதுபார்ப்பவரிடமே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் திருவிழா மேடையில் ஒலி நின்றுபோகும் இரவில் அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். ஒருமுறை பிக்கார்டைப் புரட்டிப் பார்த்தவருக்குத் தன் கிட்டாரில் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியும். தளர்ந்த நட்டை விரலால் கண்டுபிடிப்பார். இந்த வாதம் முழுவதும் திருகிப் பொருத்திய தகட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாரின் பிக்கார்டு ஒட்டப்பட்டது. மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கிட்டார்களில் அதை வெறும் மரத்தின் மேலேயே ஒட்டி, அதற்கும் சேர்த்து மெருகெண்ணெய் பூசினார்கள். தகடு சுருங்கும்போது பலகையையும் இழுத்துப் பிளந்துவிட்டது. நாதமே அந்த மெல்லிய பலகையின் அதிர்வில்தான் இருப்பதால், அங்கே கனமான தகடு ஒட்டினால் ஒலியும் மங்கும். சூடு காட்டி, மரநாரைப் பிய்க்காமல் உரித்தெடுப்பது கைப்பழக்கம் வேண்டிய வேலை. அக்கூஸ்டிக் வைத்திருப்பவர் திருச்சி பஸ் ஏறுவதுதான் நல்லது.